தராசுப் பூதம்

பௌர்ணமிக்குள் ஒரு வெள்ளைக் குதிரையைப் பிடித்தே தீருவது என்று கணக்கப்பிள்ளை முத்துலிங்கம் சபதம் போட்டிருந்தார். இறக்கை வைத்த குதிரை. புல் போட வேண்டாம், லாடம் அடிக்க வேண்டாம், லாயம்கூட வேண்டாம். அவர் குடியிருக்கும் லயத்திலேயே இருக்கும், போனுக்குள்.

தலவாக்கலைக்கு மேலே, பஸ் மூச்சு வாங்கிக்கொண்டு ஏறுகிற ஒரு தேயிலைத் தோட்டத்தில், பெண்கள் கிள்ளிவரும் கொழுந்தை மடுவம் என்கிற நிறுவைக் கொட்டகையில் நிறுத்துக் கணக்கு எழுதுவது அவருடைய வேலை. வேலை முடிந்து முகம் கழுவிவிட்டால் அவர் கணக்கப்பிள்ளை இல்லை, மலைச்சிங்கம். உலகத்தில் எங்கெங்கோ இருக்கிறவர்கள் ஒரே நேரத்தில் போனில் கூடி, வாளும் கவசமுமாய்த் திரிகிற ஓர் ஆட்டத்தில் அவருக்கு அந்தப் பெயர். மாத்தறையில் ஒரு மீன் வியாபாரி, கோலாலம்பூரில் ஒரு டாக்ஸிக்காரர், கோயம்புத்தூரில் ஒரு பல் டாக்டர் என்று அவருடைய படையில் நாற்பது பேர். நாற்பது பேரும் அவரைச் சிங்கம் என்றுதான் கூப்பிடுவார்கள். வீட்டில் அப்படி யாரும் கூப்பிட்டதில்லை.

ஒட்டி ஒட்டிக் கட்டிய வரிசை வீடுகளான லயத்துக்குள் சிக்னல் கிடையாது. மலைத்தண்ணீர் வந்து கொட்டுகிற பீலிக்கரையில் மட்டும் இரண்டு கோடு விழும். ஆகவே லயத்துப் பெண்கள் குடமும் வாளியுமாக வரிசையில் நிற்கிற அதே இடத்தில், ஒரு கல்லில் சாக்கை விரித்து உட்கார்ந்துதான் சிங்கம் தினமும் சண்டை போடும்.

இந்த மாதம் வந்த மிஷன் இப்படி: சந்திரமலையில் ஏறி நிலாத்தழை பறித்து, அடிவாரத்தில் தராசோடு நிற்கும் பூதத்திடம் நூறு தழை கொடுக்க வேண்டும். கொடுத்தால் குதிரை. கேட்பதற்கு நன்றாகத்தான் இருந்தது. ஆனால் இதை யோசித்தவன் மட்டும் கையில் கிடைத்திருந்தால் முத்துலிங்கம் ஜெயிலுக்குப் போயிருப்பார்.

அந்த மலையில் எந்த வாகனமும் ஏறாது. ஏன் என்று கேட்டால் பதில் கிடையாது. நடக்க வேண்டும். பத்துச் செடியைத் தொட்டால் ஒன்றில் தழை, ஒன்பதில் முள். நடுவில் கழுகு வந்து கொத்தும். கூடையில் நூற்றுப்பத்துக்கு மேல் ஒரு தழை கொள்ளாது. அவ்வளவையும் தாங்கி இறங்கி வந்தால், பூதம் உடனே நிறுக்காது. "மாவீரனே, உன் வரவால் இந்த மலை சிலிர்க்கிறது" என்று ஆரம்பித்து அதன் தாத்தா கதை வரைக்கும் சொல்லும். தாண்டிப் போக வழியில்லை. தினமும் அதே கதை. முத்துலிங்கத்துக்குச் சொந்தத் தாத்தாவின் பெயர் மறந்து, பூதத்தின் தாத்தாவின் பெயர் மனப்பாடமாகிவிட்டது. கதை முடிந்த பிறகுதான் தராசு வரும்.

"வெட்டிட்டான்! வெட்டிட்டான் படுபாவி!"

லயத்தில் பக்கத்து அறையான பக்கத்துக் காம்பிராவின் நாகலெட்சுமி குடத்தைப் போட்டுவிட்டு ஓடிவந்தாள். "யார அண்ணே வெட்டிட்டான்?"

"தழையத்தாம்மா! நூத்திப்பத்து கொண்டாந்து வச்சேன். பனி ஈரம்னு பதினஞ்ச கழிக்கிறான். கூடை பாரம்னு பத்து. காம்பு முத்தலுன்னு அஞ்சு. எம்பதுதான் இருக்கு, நூறு இல்லைன்னு சொல்லிட்டு அம்புட்டையும் புடுங்கிக்கிட்டான். மறுபடி மொதல்லேருந்து ஏறணுமாம்!"

வரிசை முழுக்க அவர் பக்கம் திரும்பியது. வரிசையில் நின்றவர்கள் எல்லாருமே கொழுந்து கிள்ளுகிறவர்கள். முத்துலிங்கத்தின் மனைவி சுதர்ஷினியும்தான். கணக்கப்பிள்ளை என்று பெயர் உயர்ந்ததே தவிர, ஒரு சம்பளத்தில் குடும்பம் ஓடுகிற அளவுக்கு எதுவும் உயரவில்லை. அவள் நிரம்பிய வாளியை மெதுவாக இறக்கி வைத்தாள்.

"ஈரத்துக்கா வெட்டுறான்?"

"ஆமாங்கறேன்! மலையில பனி பேஞ்சா தழை நனையாம என்னா செய்யும்? அது நம்ம குத்தமா?"

"இல்லீங்க."

"கூடைக்கும் வெட்டுறான். கூடை இல்லாம மடியிலயா அள்ளிட்டு வருவாங்க?"

"மாட்டாங்க."

"நீயே சொல்லு, இது அநியாயமா இல்லையா?"

"அநியாயந்தாங்க," என்றாள் சுதர்ஷினி. "இப்பிடி ஒரு அநியாயத்த நாங்க எங்கயுமே கேள்விப்பட்டதில்ல."

நாகலெட்சுமி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு திரும்பிவிட்டாள். தன்னை நினைத்து அழுகிறாள் என்று முத்துலிங்கம் எடுத்துக்கொண்டார். அவருக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது.

மறுநாள் விடியும்போதே மழை. நாள் முழுக்க நனைந்து கிள்ளிய பெண்கள் சாக்குகளோடு மடுவத்துக்கு வந்தார்கள். முத்துலிங்கம் தராசில் முள்ளைப் பார்த்தார். "தண்ணிக்கு ரெண்டு. சாக்குக்கு ரெண்டு. அடுத்த ஆளு!" காற்றடித்தால் பறந்து போகிற சாக்குக்கு இரண்டு கிலோ. சுதர்ஷினியின் முறை வந்தது. அவளுக்கும் நான்கு கிலோ போனது. பொண்டாட்டிக்கும் சேர்த்து வெட்டினால்தான் கணக்கப்பிள்ளை நேர்மையானவர் என்று தோட்டம் சொல்லும் என்பது அவருடைய கொள்கை. அந்த நான்கு கிலோ குறைந்ததில் நாளுக்குரிய அளவு எட்டாமல் அவளுக்கு அன்று முழுப்பேர் விழவில்லை, அரைப்பேர். நாள் முழுக்க அட்டைக்கடியில் நின்றவளுக்குப் பாதிச் சம்பளம்.

"நானா வெட்டுறேன்? மேல உள்ளவங்க பாத்து செய்யச் சொல்றாங்க," என்றார் வீட்டுக்கு வந்து, அவள் கேட்காமலே.

"நான் ஒண்ணும் கேக்கலைங்களே. தேத்தண்ணி ஆறுது, குடிச்சிட்டு போங்க. பூதம் காத்துக்கிட்டு இருக்கும்."

அன்றிலிருந்து பீலிக்கரையில் முத்துலிங்கத்துக்குக் கிடைத்த மரியாதையே வேறு. சாவு வீட்டில் துக்கம் கேட்கிற மாதிரி ஒவ்வொருத்தியாக வந்து கேட்டுவிட்டுப் போனார்கள். "அண்ணே, இன்னைக்கு எம்புட்டு வெட்டுச்சு?" "கூடைக்கு கழிச்சது போக காம்புக்கும் கழிச்சுச்சா?" "வயித்தெரிச்சலா இருக்குண்ணே." இத்தனை வருடத்தில் தன் கஷ்டத்தைப் புரிந்துகொண்ட ஜனங்கள் இவர்கள்தான் என்று அவர் உருகிப்போனார். உருகினாரே தவிர, மடுவத்தில் இரண்டும் இரண்டும் நாலு குறையவில்லை.

பௌர்ணமி நெருங்கியது. சிங்கம் எலியாகிக்கொண்டிருந்தது. சாப்பாடு இறங்கவில்லை. கனவில்கூடப் பூதம் வந்து தாத்தா கதை சொன்னது. ஒருநாள் சாயங்காலம் போனைத் தண்ணீரில் எறியப் போனவரை சுதர்ஷினிதான் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"பொறுங்க. அந்தப் பூதத்துக்கு வெட்டச் சொன்னது யாரு?"

"கம்பெனிதான். வேற யாரு? காசு குடுத்து அவங்க கடையில ஈரம் ஒணத்துற பொடி வாங்கிப் போட்டா வெட்ட மாட்டானாம். அதுக்குத்தான் இந்தக் கூத்து!"

"கம்பெனிக்கிட்ட கேக்க வேண்டியதுதானே?"

"கேட்டோமே! அது பூதத்தோட சுபாவம், நாங்க ஒண்ணும் செய்ய முடியாதுன்னு பதில் போட்டிருக்கான். பூதத்துக்கிட்ட கேட்டா தாத்தா கதை சொல்லுது!"

"அங்க சங்கம் கிங்கம் ஏதும் இல்லீங்களா?"

"வெளையாட்டுல ஏது புள்ள சங்கம்?"

சுதர்ஷினி வாளியின் விளிம்பைத் தடவிக்கொண்டு யோசித்தாள். வரிசையில் நின்றவர்கள் தண்ணீர் நிரம்பி வழிவதைக்கூடப் பார்க்காமல் அவளைப் பார்த்தார்கள்.

"சரிங்க. சங்கம் இல்லாட்டி போகட்டும். எல்லாரும் நெறஞ்ச கூடையோட போயி அது முன்னாடி ஒக்காந்துட்டா? ஒருத்தரும் குடுக்காம? பொடியும் வாங்காம? யாருக்கிட்ட வெட்டும்?"

முத்துலிங்கம் அவளையே பார்த்தார். பிறகு போனைப் பார்த்தார். தானே அதைக் கண்டுபிடித்ததுபோல அவர் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது.

அடுத்த நிமிடம் படைக்குக் கட்டளை பறந்தது. மாத்தறை மீன் வியாபாரிக்குச் சிங்களத்தில் ஒரு தடவை, பல் டாக்டருக்குத் தமிழில் ஒரு தடவை. நாற்பது வீரர்கள் நிறைந்த கூடையோடு போய்ப் பூதத்தின் காலடியில் சம்மணம் போட்டார்கள். பூதம் மாவீரனே என்றது. யாரும் அசையவில்லை. அந்த வழியாக வந்தவர்கள் விசாரித்தார்கள், வயிறெரிந்தார்கள், உட்கார்ந்தார்கள். அடுத்த நாள் நூறு. அதற்கடுத்த நாள் பூதமே கண்ணுக்குத் தெரியாத அளவுக்குக் கூட்டம். பீலிக்கரைப் பெண்கள் துணி துவைப்பதை விட்டுவிட்டு முத்துலிங்கத்தின் தோளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார்கள்.

"யாராச்சும் எழும்பிப் போறாங்களாண்ணே?"

"ஒரு பய எழும்ப மாட்டான்!"

"மெரட்டினாங்களா?"

"ஆட்டத்த விட்டே தூக்கிருவோம்னு எழுதினான். தூக்குடா பாப்போம்னோம். அம்புட்டு பேரையும் தூக்கினா அப்புறம் அவன் யார வச்சு வெளையாடுவான்?"

"அப்பிடிங்களா," என்றாள் சுதர்ஷினி, கவனமாக.

பௌர்ணமிக்கு இரண்டு நாள் முன்பு கம்பெனி இறங்கி வந்தது. மன்னிப்புக் கேட்டு அறிவிப்பு. ஈரத்துக்கும் கூடைக்கும் காம்புக்கும் இனிமேல் வெட்டு இல்லை. தாத்தா கதையையும் வேண்டாதவர்கள் தாண்டிப் போகலாம். முத்துலிங்கத்தின் போனில் வெள்ளைக் குதிரை இறக்கையை விரித்தது. அவர் கல்லின் மேல் ஏறி நின்றுவிட்டார்.

"கேட்டுக்கங்க எல்லாரும்! ஒழைச்சுப் பறிச்சவன் தழையில கை வைக்கிறவன் மனுசனே இல்ல, பூதம்! அவன எந்தக் கம்பெனி ஏவி விட்டாலும் சரி, விடக் கூடாது! ஒக்காரணும்! அவனா எறங்கி வார வரைக்கும் ஒக்காரணும்!"

பெண்கள் கை தட்டினார்கள். நாகலெட்சுமி விசிலே அடித்தாள். அன்று சிங்கம் நன்றாகத் தூங்கியது.

மறுநாள் சாயங்காலம் மடுவத்துக்குப் பெண்கள் வந்தார்கள். தூறல் விடவில்லை. வந்தவர்கள் சாக்கைத் தராசில் வைக்கவில்லை. சாக்கைப் பக்கத்தில் சாய்த்து வைத்துவிட்டு, ஈரத்தரையில் வரிசையாக உட்கார்ந்தார்கள். முதல் ஆளாக உட்கார்ந்தது சுதர்ஷினி.

"என்னாது இது? எழும்பு! நேரமாகுது!"

பின்னால் வந்தவர்களும் சாக்கைச் சாய்த்துவிட்டு உட்கார்ந்தார்கள்.

"கொழுந்து சூடேறி கெட்டுப் போயிரும்! லொறி வந்திருச்சு! என்னா வெளையாடுறீங்களா?"

"இல்லீங்க," என்றாள் சுதர்ஷினி. "தண்ணிக்கும் சாக்குக்கும் வெட்ட மாட்டேன்னு நீங்க சொன்னா எழும்புவோம்."

முத்துலிங்கத்துக்குக் காது சிவந்தது. "அடியே, அது வெளையாட்டு! இது தோட்டம்!"

"வெளையாட்டுக்கே ஒங்களுக்கு அம்புட்டு கோவம் வந்திச்சேங்க." அவள் குரல் முதல் தடவையாக உயர்ந்தது. "நீங்க கல்லுல ஒக்காந்துகிட்டு வெரலால ஏறின மலை. நாங்க காலால ஏறுறோம். அட்டை கடிச்ச ரத்தம் காயிறதுக்குள்ள அரைப்பேருன்னு எழுதுறீங்க. எனக்கு எத்தன நாளு பத்திக்கிட்டு வந்திச்சு தெரியுமா? ஒங்க தழைக்கு நாங்க எல்லாரும் துக்கம் கேட்டோமே, எங்க கொழுந்துக்கு நீங்க ஒரு நாளாவது கேட்டீங்களா?"

லொறி ஹோர்ன் அடித்தது. முத்துலிங்கம் ஆத்திரத்தோடு தோட்டத்து உதவி மானேஜரான சின்னத்துரைக்குப் போன் போட்டு நடந்ததைச் சொன்னார். "வெட்டச் சொல்லி நான் எழுதித் தந்தேனா?" என்றார் சின்னத்துரை. "அதெல்லாம் நீ பாத்து செய்யிற விசயம். எனக்குக் கொழுந்து ஃபெக்டரிக்கு வரணும்." போன் வைக்கப்பட்டுவிட்டது. பூதத்துக்கும் இப்படித்தான் ஏதாவது சொல்லியிருப்பார்கள் என்று ஒரு கணம் அவருக்குப் பூதத்தின் மேலேயே இரக்கம் வந்தது.

இன்னொரு தடவை கத்திப் பார்த்தார். தோட்டத்துப் பழைய நல்ல நாட்களைப் பற்றியும், தன் தகப்பனார் எவ்வளவு கண்டிப்பான மனுஷன் என்பதைப் பற்றியும் நீளமாகப் பேசினார்.

"அண்ணே," என்றாள் நாகலெட்சுமி, "தாத்தா கதைய தாண்டிக்கலாம்னு அறிவிப்பு வந்திருச்சே."

மடுவமே சிரித்தது. லொறி டிரைவரும் சேர்ந்து சிரித்தான். முத்துலிங்கம் தலையைக் குனிந்துகொண்டு, "சரி, வைங்க. வெட்டல," என்றார். அன்று தராசு காட்டியதையே எழுதினார். அன்று ஒருத்திக்கும் அரைப்பேர் விழவில்லை.

வீட்டுக்கு வந்ததும் சுதர்ஷினி சூடாகத் தேத்தண்ணியும் கருப்பட்டித் துண்டும் வைத்தாள். அவர் தொடவில்லை.

"நான் வழிகாட்டினேன். என்னைப் பாத்து கத்துக்கிட்டு என் தலையிலேயே கை வச்சிட்டீங்களேடி. நேத்து கல்லுல ஏறி நான் பேசினதக் கேட்டுத்தானே கெளம்பினீங்க?"

"அய்ய, அதுக்கு முந்தியே பேசி வச்சதுங்க." அவள் கருப்பட்டியை அவர் பக்கம் தள்ளினாள். "சங்கம் இல்லாம ஒக்காந்தா பூதம் எறங்கி வருமான்னு எங்களுக்குப் பயமா இருந்திச்சு. அதான் மொதல்ல ஒங்கள ஒக்கார வச்சுப் பாத்தோம்."