ஓட்டு வந்தால் ஸ்டேஷனுக்குப் போகும் துப்பாக்கி

இருக்கன்குடி,
பங்குனி மாதம், வியாழக்கிழமை

அன்பும் மதிப்பும் மிக்க மாப்பிள்ளை மாரிக்கண்ணன் அவர்களுக்கு, மாமனார் மணிமுத்து மரியாதையுடன் எழுதுவது. மாரியம்மன் கண்பார்வையில் இங்கே நானும் உங்கள் அத்தை வீரலட்சுமியும் சௌக்கியம். அங்கே தாங்களும், என் மகள் அழகுமீனாவும், பேத்தி ஓவியாவும் சௌக்கியமா என்று கேட்பதுதான் முறை. ஆனால் போன வாரம் தாங்கள் அனுப்பிய செய்தியைப் படித்ததிலிருந்து எனக்கே சௌக்கியம் போய்விட்டது, அதனால் முறையெல்லாம் அப்புறம்.

எதற்கு இந்தக் காலத்தில் கடிதம் என்று கேட்பீர்கள். வாட்ஸ்அப்பில் எழுதினால் மூன்று வரிக்கு மேல் நீங்கள் படிப்பதில்லை, கட்டைவிரலைத் தூக்கிக் காட்டிவிட்டுப் போய்விடுகிறீர்கள். வீடியோவில் பேசலாம் என்றால், நான் முக்கியமான இடத்துக்கு வரும்போதுதான் படம் நின்றுபோகும். அதிலும் இந்த இரண்டு மூன்று மாதமாக அழகுமீனா போனை ஒழுங்காகப் பிடிக்கிறாளா என்றால் இல்லை, ஆட்டிக்கொண்டே இருக்கிறாள், பாதி நேரம் அவள் நெற்றியும் மேலே சுற்றுகிற மின்விசிறியும்தான் தெரிகின்றன. மாமனார் மருமகனுக்குப் புத்தி சொல்வதை மின்விசிறியைப் பார்த்தா சொல்ல முடியும்? அதனால்தான் எழுதுகிறேன். சாத்தூர் கூரியர்க்காரர் ஒரு வாரத்தில் வந்து சேரும் என்கிறார்.

உங்கள் செய்தியை அத்தைக்கு இரண்டு தடவை வாசித்துக் காட்டினேன். "மாமா, இங்கே கைத்துப்பாக்கி கூடவே வைத்துக்கொண்டு போவதற்கு பெர்மிட் கேட்டு விண்ணப்பிக்கிறோம். முன்பு இந்த நாட்டுக் குடிமக்களுக்கு மட்டும்தான் என்று சொல்லித் திருப்பி அனுப்பினார்கள். இப்போது எங்களைப் போன்ற கிரீன் கார்டுக்காரர்களும் வாங்கலாம் என்று வக்கீல் சொல்கிறார். விண்ணப்பிக்கும் ஆளைச் சிறு வயதிலிருந்து அறிந்த பெரியவர் ஒருவர் கைப்பட எழுதிய நன்னடத்தைக் கடிதம் இருந்தால் நல்லதாம். நீங்கள் துப்பாக்கி லைசென்ஸ் வைத்திருப்பவர் என்பதால் உங்கள் கடிதத்துக்கு மதிப்பு அதிகம்." இவ்வளவுதான் செய்தி. கீழே கும்பிடு போடுகிற படம் ஒன்று.

முதலில் ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ளக் கூடாது. உங்களைச் சிறு வயதிலிருந்து எனக்கு எங்கே தெரியும்? நீங்கள் காரியாபட்டி, நான் இருக்கன்குடி. பெண் பார்க்க வந்த அன்றைக்குத்தான் உங்களை நான் முதன்முதலாகப் பார்த்தேன். அன்றைக்கே உங்களுக்கு முன்மண்டையில் முடி குறைச்சல். நீங்கள் சின்ன வயசில் கோலி விளையாடினீர்களா, யார் மண்டையையாவது உடைத்தீர்களா, எனக்கு என்ன தெரியும்? தெரியாத விஷயத்துக்குக் கையெழுத்துப் போடச் சொல்வது மாப்பிள்ளைக்கு அழகா?

அடுத்தது அந்தக் குடிமக்கள் சங்கதி. அங்கே உங்களுக்கு ஓட்டு இல்லை என்று நீங்களே போன தீபாவளிக்குச் சொன்னீர்கள். ஓட்டுப் போட லாயக்கில்லாத ஆளுக்குத் துப்பாக்கி மட்டும் எப்படி லாயக்கு? இங்கே அப்படியே தலைகீழ். எனக்கு ஓட்டு உண்டு, ஆனால் ஓட்டு வந்தால் துப்பாக்கி கிடையாது. தேர்தல் தேதியை அறிவித்த மறுநாளே ஸ்டேஷனிலிருந்து போன் வந்துவிடும், லைசென்ஸ் துப்பாக்கி வைத்திருப்பவர்கள் எல்லாரும் கொண்டுவந்து ஒப்படைக்க வேண்டும். எண்ணி முடிந்து ஜெயித்தவர் மாலை போட்ட பிறகுதான் திரும்பக் கிடைக்கும். சட்டமன்றம், நாடாளுமன்றம், உள்ளாட்சி, நடுவிலே யாராவது செத்தால் இடைத்தேர்தல் என்று என் துப்பாக்கி பாதி நாள் அங்கேதான் குடியிருக்கிறது. இப்போதும் அங்கேதான் இருக்கிறது. ஸ்டேஷன் ரைட்டர் பாண்டிச்செல்வம் போன வாரம் ரசீது எழுதிக்கொண்டே, "அண்ணாச்சி, பேசாம இதுக்கு இங்கனயே ஒரு ரேஷன் கார்டு போட்டுருவோமா?" என்கிறான். துரு ஏறிவிடக் கூடாதே என்று நான் வாரத்துக்கு ஒரு நாள் எண்ணெய்க் கிண்ணத்தோடு போய்த் துடைத்துவிட்டு வருகிறேன். உங்கள் அத்தை ரைட்டருக்கு முறுக்குக் கட்டிக் கொடுக்கிறாள். மாப்பிள்ளை, ஒரு துப்பாக்கி வைத்திருப்பது ஒரு கிழட்டு மாட்டைக் கட்டித் தீனி போடுவது மாதிரி. அதை யாரும் உங்களுக்குச் சொல்லியிருக்க மாட்டார்கள்.

என் துப்பாக்கியை நீங்கள் பார்த்திருக்கிறீர்கள். பெண் பார்க்க வந்த அன்று சுவரில் மாட்டியிருந்தது. உங்கள் அப்பா அதற்கு நேர் எதிரே உட்கார்ந்தார், நான் சொன்ன முகூர்த்தம், மண்டபம் எல்லாவற்றுக்கும் சரி சரி என்று தலையாட்டினார். போகும்போது, "சம்பந்தி வேட்டைக்குப் போவாகளோ?" என்று மெதுவாகக் கேட்டார். நான் மீசையைத் தடவிக்கொண்டேன். நீங்களும் அதைப் போட்டோ எடுத்து, என் மாமனார் பெரிய வேட்டைக்காரர் என்று ஆபீஸில் காட்டியிருப்பதாக அழகுமீனா சொன்னாள். இன்றைக்கு உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இருபத்து மூன்று வருஷமாக அந்தத் துப்பாக்கியில் தோட்டா கிடையாது. அது என் கையில் வெடித்ததே ஒரே ஒரு தடவைதான்.

என் அப்பா காலத்தில் பயிர்ப் பாதுகாப்புக்கு என்று வாங்கின லைசென்ஸ் அது. அவருக்குப் பிறகு என் பெயருக்கு மாற்ற விருதுநகருக்கு நடந்த நடை என் செருப்புக்குத்தான் தெரியும். எதற்குப் பாதுகாப்பு என்றால் காட்டுப்பன்றிக்கு. மக்காச்சோளம் பால் பிடிக்கிற நேரம் பார்த்துக் குடும்பத்தோடு வந்துவிடும். மற்ற ஜில்லாவில் ஒரு வெடியைக் கொளுத்திப் போட்டால் பன்றி ஓடிவிடுமாம். நம்ம பன்றிக்கு அது நடக்காது. சிவகாசிப் பக்கம் பிறந்து வளர்ந்த பன்றி அல்லவா, கண் திறந்த நாளிலிருந்து பட்டாசுக் கம்பெனியில் வெடித்துப் பார்க்கிற சத்தத்தைக் கேட்டே வளர்ந்திருக்கிறது. நான் அணுகுண்டு போட்டால் தலையைத் தூக்கி, இந்த வருஷச் சரக்கு சுமார்தான் என்கிற மாதிரி என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு மறுபடி சோளத்தைத் தின்னும். எனக்கு எப்படி இருந்திருக்கும்? எடுடா துப்பாக்கியை என்று எடுத்துவிட்டேன்.

புதுத் தோட்டா வாங்கி வந்த மறுநாள். தீபாவளி சீசன், காலை பதினோரு மணி இருக்கும். துப்பாக்கி வேலை செய்கிறதா என்று பார்க்க, எங்கள் மேற்குக் காட்டில் நின்று வானத்தைப் பார்த்து ஒரு வெடி வெடித்தேன். தோள்பட்டை கழன்று போன மாதிரி வலி. பக்கத்து வேப்பமரத்துக் காக்காய்கூடப் பறக்கவில்லை. பரவாயில்லையே என்று சிரித்துக்கொண்டு அடுத்ததைக் கையில் எடுத்தேன். அப்போதுதான் ஊர்ப்பக்கம் கூச்சல் கேட்டது.

மாப்பிள்ளை, நீங்கள் காரியாபட்டி, வெள்ளாமை ஊர். உங்களுக்கு இது தெரியாது. எங்கள் பக்கம் கம்பெனியில் பட்டாசு வெடித்துப் பார்க்கிறதற்கு என்று ஒரு நேரம் உண்டு, அது சாயங்காலம். அந்த நேரத்துச் சத்தத்துக்கு ஒருத்தரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். காலை பதினோரு மணிக்கு ஒற்றைச் சத்தம் கேட்டால் அதற்கு ஒரே அர்த்தம்தான். அடுப்பில் இருந்ததை அப்படியே விட்டுவிட்டு, இடுப்பில் பிள்ளையோடும், கையில் மாவோடும், ஊரில் இருந்த அத்தனை பொம்பளைகளும் கிழக்கே கம்பெனியைப் பார்த்து ஓடுகிறார்கள். முன்னால் ஓடினவள் சோலையம்மாள். அவள் புருஷன் இருளாண்டிக்கு அங்கே வெடிமருந்து அறையில் வேலை. செருப்பில்லாமல், அவன் பேரைச் சொல்லிக் கத்திக்கொண்டே ஓடினாள். நான் துப்பாக்கியைக் கையில் பிடித்துக்கொண்டு வரப்பில் நிற்கிறேன். நான்தான், நான்தான் என்று கத்துகிறேன், யார் காதில் விழும்?

கம்பெனி வாசலில் இருளாண்டி முழுசாக நின்று, "என்னத்துக்கு எல்லாரும் ஓடி வாரீக?" என்று கேட்டானாம். அவனைப் பார்த்ததும் சோலையம்மாள் மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டாள். சத்தம் எங்கிருந்து வந்தது என்று தெரிந்து, திரும்பி வந்து என்னைப் பார்த்துச் சிரித்தாள், சிரித்துக்கொண்டே அழுதாள். "ஏன் அண்ணாச்சி, பன்னியச் சுடணும்னா முன்னக்கூடியே தண்டோரா போட்டுட்டுச் சுடக் கூடாதா? அம்புட்டுப் பேரையும் அடுப்ப விட்டுட்டு ஓட வச்சுட்டீகளே!" என்றாள். இன்றைக்கும் அவளை எதிரே பார்த்தால் நான் துண்டை எடுத்து இடுப்பில் கட்டாத குறைதான்.

ஆனால் நான் சொல்ல வந்தது அதுவல்ல. ஊரே கிழக்கே ஓடும்போது ஒரே ஒரு ஆள் மட்டும் மேற்கே ஓடி வந்தது. பத்து வயது அழகுமீனா. பள்ளிக்கூடத்திலிருந்து, யூனிபார்மோடு, பருத்திக் கட்டைகளுக்கு நடுவே விழுந்து எழுந்து வருகிறாள். "நீங்கதான சுட்டீக? பட்டாசுன்னா வேற மாதிரி கேக்கும், இது மொட்டையா கேட்டுச்சு. ஒங்களுக்கு என்னமோ ஆயிருச்சுன்னு வந்தேன்" என்று சொல்லி என் கை, கால், தலை எல்லாவற்றையும் தடவிப் பார்த்தாள். காலெல்லாம் முள். அவளை மடியில் போட்டு ஒவ்வொன்றாகப் பிடுங்கினேன். அப்புறம் எழுந்து, என் சட்டைப்பையிலிருந்த தோட்டா அத்தனையையும் எடுத்தாள், நொண்டிக்கொண்டே போய்க் கிணற்றில் எறிந்தாள். "இனிமே இத வாங்க மாட்டேன்னு சத்தியம் பண்ணுங்க." பண்ணிக் கொடுத்தேன். தோட்டா எல்லாம் பன்றிக்குச் செலவாகிவிட்டது என்று லைசென்ஸ் ஆபீஸில் எழுதிக் கொடுத்தேன், தயவுசெய்து இதை ரைட்டர் பாண்டிச்செல்வத்திடம் சொல்லிவிடாதீர்கள். அந்தப் பிஞ்சுப் பாதங்களை என் உள்ளங்கையில் வைத்திருந்தது இப்போதும் ஞாபகம் இருக்கிறது. அதற்குப் பிறகு எத்தனையோ நல்ல நாள் வந்துவிட்டது, அந்தக் காலைப்பொழுது மாதிரி ஒன்று எனக்குத் திரும்ப வரவில்லை.

அப்படிப்பட்ட பிள்ளையை உங்கள் கையில் பிடித்துக் கொடுத்திருக்கிறேன். அவள் இருக்கிற வீட்டுக்குள், ஓவியா ஓடி விளையாடுகிற வீட்டுக்குள் துப்பாக்கியைக் கொண்டுவர உங்களுக்கு எப்படி மாப்பிள்ளை மனசு வந்தது? கிரீன் கார்டுக்காரனுக்கும் உரிமை உண்டு என்றால் இருந்துவிட்டுப் போகட்டும். உரிமை இருக்கிறதென்று எல்லாவற்றையும் இடுப்பில் கட்டிக்கொண்டா திரிவார்கள்? நன்னடத்தைக் கடிதம் எழுத மாட்டேன். இது என் முடிவு. மரியாதைக் குறைவாக ஏதேனும் எழுதியிருந்தால் வயசை உத்தேசித்துப் பொறுத்துக்கொள்ளவும்.

மாரியம்மன் துணையால் தாங்கள் மூவரும் தலைவலி காய்ச்சல் இல்லாமல், பேரும் புகழுமாக இருக்க ஆசீர்வதிக்கிறேன். அத்தை விசாரித்ததாகச் சொல்லச் சொன்னாள். ஓவியாவுக்கு முத்தங்கள்.

இப்படிக்கு,
மாமனார் மணிமுத்து

பின்குறிப்பு: உறையை ஒட்டப் பசை தேடிக்கொண்டிருந்த நேரத்தில் உங்கள் அத்தை இந்தக் கடிதத்தை எடுத்துப் படித்துவிட்டாள். படித்ததும், "மாப்பிள்ளையச் சின்ன வயசுலேருந்து ஒங்களுக்கு எங்க தெரியும்னு நீங்களே எழுதியிருக்கீக. அப்ப யாருக்குக் கேக்காக?" என்று சொல்லி, அழகுமீனாவுக்குப் போனைப் போட்டு என் கையில் கொடுத்துவிட்டாள். அழகுமீனா முதலில் ஓவியாவை அடுத்த அறைக்குப் போகச் சொன்னாள். அப்புறம், "பெர்மிட்டு அவருக்கில்லப்பா, எனக்குத்தான்" என்றாள். நீங்கள் வேண்டாம் என்றுதான் சொன்னீர்களாம், இவளுக்கு என்னிடம் கேட்கப் பயமாம், அதனால் உங்களைச் செய்தி அனுப்பச் சொன்னாளாம். தை மாதம் ஒரு நாள் ஆஸ்பத்திரி வேலை முடிந்து காருக்குப் போனவளை எவனோ பையைப் பிடித்து இழுத்துக் கீழே தள்ளியிருக்கிறான். வலது முழங்கையில் கம்பி வைத்துத் தைத்திருக்கிறார்களாம். அதுதான் இத்தனை நாள் இடது கையில் போனைப் பிடித்து ஆட்டியிருக்கிறாள், நான் மின்விசிறியைப் பார்த்துப் பேசியிருக்கிறேன்.

"தோட்டாவக் கெணத்துல போட்டவ நீதானம்மா?" என்று கேட்டேன். "ஆமாப்பா. நம்மூருல ஒரு சத்தம் கேட்டா ஊரே ஓடி வருது. இங்க நான் எம்புட்டுக் கத்துனேன் தெரியுமா? ஒருத்தரும் வரலப்பா" என்றாள்.

மாப்பிள்ளை, மேலே உங்களைத் திட்டியதையெல்லாம் திட்டாததாக வைத்துக்கொள்ளவும். வேறு தாளில் நன்னடத்தைக் கடிதம் எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன். அதில் இரண்டே வரிதான்: "இவள் பத்து வயதில் என் தோட்டாக்களைக் கிணற்றில் எறிந்தவள். துப்பாக்கியை நம்பிக் கொடுக்க இவளைவிடத் தகுந்த ஆள் எனக்குத் தெரிந்து யாரும் இல்லை." எழுத்து ஏன் இப்படிக் கோணலாக இருக்கிறது என்று வக்கீல் கேட்டால், எழுதியவருக்கு வயதாகிவிட்டது என்று மட்டும் சொல்லவும்.