இருபத்திரண்டு கையெழுத்து

"ஒருத்தர்கூட கையெழுத்துப் போடலையே, வக்தி?"

மேடம் இன்ஸாஃப் ஒப்புதல் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அந்தக் காப்பீட்டு நிறுவனத்தின் மன்சூரா கிளைக்கு அவர்தான் மேலாளர். பழைய சர்வரில் ஓடிய மென்பொருள்களையெல்லாம் கிளையின் கணினிப் பொறியாளன் வக்தி புது சர்வருக்கு மாற்றி மூன்று நாளாகிறது. ஒழுங்காக ஓடுகிறது என்று இருபத்திரண்டு ஊழியர்களும் கையெழுத்திட வேண்டும்.

"வியாழக்கிழமை மூணு மணிக்குள்ள தாள் வரணும். இல்லேன்னா பழசையே ஏத்திட்டு நீ தென்கோடியில இருக்கிற அஸ்வான் கிளைக்கு மாத்தலாகிக் கிளம்பு."

வக்தியின் மனைவிக்கு எட்டாம் மாதம். அஸ்வான் என்றதும் அவன் அங்கே நிற்கவில்லை. கவுன்ட்டருக்கு ஓடினான்.

"என்ன குறை, ஸுஹைர் அக்கா?"

"புதுசு சரியில்லப்பா," என்றாள் மூத்த எழுத்தர் ஸுஹைர். அவள் முன்னால் வரிசை வாசலைத் தாண்டி நின்றது.

"எது சரியில்ல?"

"எல்லாந்தான். தலை சுத்துது. போ அந்தப் பக்கம்."

மெதுவாக இருக்கிறது போலும் என்று சர்வரின் வேகத்தை இரட்டிப்பாக்கினான். பாலிசிகள் கண்மூடித் திறப்பதற்குள் திரையில் வந்து நின்றன.

"உனக்கு நாங்க என்னடா பாவம் செஞ்சோம்?" என்றாள் ஸுஹைர் மறுநாள். மற்றவர்கள் அவனைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

அவனும் விடுகிற ஆள் இல்லை. ஒன்று நின்றால் இன்னொன்று தாங்கட்டும் என்று இரண்டாவது சர்வரையும் இணைத்தான். வியாழன் காலையில் கூடத்தின் நடுவில் நின்று, "இனிமே உலகமே நின்னாலும் இது நிக்காது!" என்று அறிவித்தான். ஒரு பெண் மேசையில் தலை கவிழ்ந்து அழுதாள். நெகிழ்ந்துவிட்டாள் என்று நினைத்துக்கொண்டான், பாவம்.

மதியம் ஆயிற்று. தாளில் ஒரு கையெழுத்தும் இல்லை. இனி பழையதை ஏற்றுவதுதான் வழி என்று இரண்டு சர்வர்களையும் நிறுத்திவிட்டு, சர்வர் அறையின் தரையிலேயே உட்கார்ந்தான். வீட்டில் போய் என்ன சொல்வது என்று மனசுக்குள் ஒத்திகை பார்த்தான்.

கூடத்தில் பெருங்கூச்சல் எழுந்தது. தன்னை அடிக்கத்தான் வருகிறார்கள் என்று எழுந்து சுவரோடு ஒட்டி நின்றான்.

கதவைத் திறந்தவர் டீக்கார ஹனஃபி. அவர் கையில் ஒப்புதல் தாள் இருந்தது. அதில் இருபத்திரண்டு கையெழுத்தும் விழுந்திருந்தன.

"மகராசனா இரு தம்பி, ஒருவழியா சரி பண்ணிட்டியே! பழசு தினம் பன்னெண்டு மணிக்கு டாண்ணு படுத்துரும், 'சிஸ்டம் போச்சு, நாளைக்கு வாங்க'ன்னு வரிசையைக் கலைச்சுட்டு எல்லாரும் நிம்மதியா சாப்பிடுவாங்க. உன்னோடது படுக்கவே மாட்டேன்னு நின்னதுல அஞ்சு நாளா அத்தனை பேரும் பட்டினிப்பா!"