எதிர்வீட்டு நர்ஸிடமிருந்து காப்பாற்றுங்கள்

அன்பும் மரியாதையும் மிக்க அக்காவுக்கு,

தம்பி நடுக்கத்துடன் எழுதிக்கொள்வது. நீங்கள் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நான் நலமாக இல்லை. கிறிஸ்துமஸ் நெருங்கிக்கொண்டிருக்கிறது. அதற்குள் நீங்கள் கிளம்பி வராவிட்டால் வீட்டைப் பூட்டிக்கொண்டு எங்காவது ஓடிவிட வேண்டியதுதான். ஓடவும் வழியில்லை, இடது கால் வீங்கிக் கிடக்கிறது.

விஷயம் இதுதான். போன மாதம் எதிர்வீட்டுக்கு ஒரு நர்ஸம்மாவும் லாரி ஓட்டும் அவர் கணவரும் குடிவந்தார்கள். வந்த வாரமே நர்ஸம்மா ஒரு கிண்ணம் சூப்பைக் கொண்டுவந்து நீட்டினார். பஸ்ஸில் டிக்கெட் பரிசோதகனாக இருந்து ஓய்வு பெற்றவன் நான். யாராவது என்னைப் பார்த்துச் சிரித்தாலே டிக்கெட் எடுக்கவில்லை என்றுதான் எனக்கு அர்த்தம். சும்மா யாராவது சூப் கொடுப்பார்களா? பயத்தில் தூக்கமே வரவில்லை. காலையில் கிண்ணத்தை வெறுமனே திருப்பிக் கொடுக்க மனமில்லாமல் என் குடையையும் சேர்த்துக் கொடுத்தேன். அவர் ஸ்வெட்டர் பின்னிக் கொடுத்தார், நான் மேசை விசிறியைக் கொடுத்தேன். ஒரு கூடை பழம் வந்தது, சுவர்க் கடிகாரம் போனது. அதன்பிறகு மணி என்னவென்று அவர்கள் வீட்டில்தான் கேட்க வேண்டியிருந்தது. அதற்கும் பயம், கேட்டால் மணியோடு வேறு எதையாவது கொடுத்துவிடுவார்.

போன ஞாயிற்றுக்கிழமை மறுபடியும் கதவு தட்டும் சத்தம். இடுக்கு வழியாகப் பார்த்தால் அவர் கையில் கேக். கேக்குக்கு ஈடாகக் கொடுக்க என்னிடம் கட்டில்தான் பாக்கி. ஆளில்லாத மாதிரி இருந்துவிடலாம் என்று பூனைநடை நடந்து குளியலறைக்குள் போய்த் தாழிட்டேன். ஈரத் தரை. வழுக்கி விழுந்ததில் கால் மடங்கிவிட்டது. வெளியே அவர் கூப்பிடுகிறார், உள்ளே நான் பல்லைக் கடித்துக்கொண்டு கிடக்கிறேன். அக்கா, ஒரு கேக்குக்குப் பயந்து மூச்சுக்கூட விடவில்லை. தட்டுவது நின்றது. அப்புறம்தான் நிஜமான பயம் வந்தது. என் வீட்டுக்காரி காலமானதிலிருந்து இந்தக் கதவைத் தட்டிய ஒரே ஆள் அவர்தான், அவரையும் அனுப்பிவிட்டேன். கையை நீட்டினால் தாழ்ப்பாள் எட்டவில்லை. தரையின் குளிர் முதுகில் ஏறியது. நான் இப்படிக் கிடப்பது உங்களுக்குத் தெரியவர எத்தனை நாளாகும் என்று நினைத்ததும் உடம்பெல்லாம் உதறியது. "காப்பாத்துங்க" என்று கத்த வாயைத் திறந்தேன். பழக்க தோஷம், "எதுக்கும்மா இந்தச் சிரமம்" என்றுதான் வந்தது.

நல்லவேளை, அவர் இன்னும் வாசலைத் தாண்டவில்லை, அது காதில் விழுந்திருக்கிறது. கணவரை இழுத்துக்கொண்டு வந்தார். லாரிக்காரர் இரண்டு கதவையும் தோளால் முட்டித் திறந்து, என்னைச் சிமென்ட் மூட்டை மாதிரித் தூக்கிக் கட்டிலில் போட்டார். நர்ஸம்மா காலுக்குக் கட்டுப் போட்டார். மறுநாள் குடை, விசிறி, கடிகாரம் எல்லாம் திரும்பி வந்தன. கடிகாரத்தை ஆணியில் மாட்டிக்கொண்டே அவர் சொன்னார்:

"நான் குடுக்கக் குடுக்க உங்க வீடு காலியாகுது, ஐயா. எனக்கு எப்படி இருக்கும்? குடுத்தா வச்சுக்கோங்களேன்."

சரிம்மா என்றேன்.

அதோடு விட்டார்களா? லாரிக்காரர் கதவுகளைச் சரிசெய்துவிட்டார். மூன்று வேளையும் சாப்பாடு வருகிறது. கிறிஸ்துமஸ் அன்று மதியம் அவர்கள் வீட்டில்தான் சாப்பிட வேண்டுமாம். நான் எந்த முகத்தோடு அந்த வாசலை மிதிப்பேன்? ஆகவே அக்கா, உடனே புறப்பட்டு வாருங்கள். வரும்போது பீங்கான் தட்டோ கம்பளியோ, இவர்கள் செய்ததற்கெல்லாம் ஈடாகும்படி, தூக்க முடியாத அளவுக்கு ஏதாவது கொண்டுவாருங்கள்.

உங்கள் முழங்கால் வலி குறையவும் எனக்குத் தைரியம் கூடவும் வேண்டிக்கொண்டு,

தங்கள் அன்புத் தம்பி

பி.கு.: கவரை ஒட்டப் போகும்போது நர்ஸம்மா கட்டு மாற்ற வந்தார். கடிதம் யாருக்கு என்றார், அக்காவுக்கு என்றேன். அவங்களும் தனியாத்தான் இருக்காங்களா என்றார், ஆமாம் என்றேன். "அப்ப அவங்களையும் வரச் சொல்லுங்க. நம்ம வீட்ல இடமிருக்கு" என்றார். வேண்டாம் என்று சொல்ல வாய் பாதி திறந்துவிட்டது, அக்கா. அதற்குள் நீங்களும் அங்கே கதவைத் தாழிட்டுக்கொண்டு தனியாகக் கிடக்கிறீர்கள் என்று நினைப்பு வந்து நெஞ்சு திக்கென்றது. "ரொம்ப சந்தோஷம்மா, வருவாங்க"ன்னு சொல்லிட்டேன். மேலே எழுதினதை எல்லாம் அடிச்சிடுங்க. தட்டும் வேண்டாம், கம்பளியும் வேண்டாம். இந்த விஷயத்துல நீங்க என்னைவிட மோசம்னு எனக்குத் தெரியும். மூட்டையோட வந்து இறங்கினீங்கன்னா பஸ் ஸ்டாண்டுலயே சோதனை போட்டுத் திருப்பி அனுப்பிடுவேன். வெறுங்கையோட வாங்க.