அஞ்சு வோல்ட் அக்கா

மின்சாரத்தை வைத்தே பிழைப்பு நடத்திக்கொண்டு, அந்த மின்சாரத்தை ஒரு துளிகூட நம்பாத மனுஷி உலகத்திலேயே ஒருத்திதான். அது எங்கள் அஞ்சு வோல்ட் அக்கா. சந்தேகமிருந்தால், திருவண்ணாமலை செங்கம் ரோட்டில் எங்களோடு லேடீஸ் ஹாஸ்டலில் இருந்த யாரையாவது கேளுங்கள். முதலில் உங்கள் காலைப் பார்ப்பார்கள். செருப்பு இருந்தால்தான் பதிலே வரும்.

இரண்டாயிரம் பிறந்த புதிது. நான் ஜவுளிக்கடையில் பில் போட்டுக்கொண்டிருந்தேன். அக்காவுக்கு இன்வெர்ட்டர் கடையில் ரிப்பேர் வேலை. ரெண்டு பேருக்கும் ஒரே ரூம். என் கட்டிலுக்கடியில் டிரங்குப் பெட்டி என்றால், அவள் கட்டிலுக்கடியில் பழைய பேட்டரி, ஒயர், சால்டரிங் அயர்ன். தலையணைக்குப் பக்கத்திலோ பூரான் மாதிரி ரெண்டு வரிசைக் கால் வைத்த ஒரு கறுப்புச் சில்லு. மைக்ரோகன்ட்ரோலராம், விரல் நீளத்தில் ஒரு குட்டிக் கம்ப்யூட்டர். அக்கா அதைப் 'புள்ளை' என்பாள்.

"புள்ளைக்கு அஞ்சு வோல்ட்டுக்கு மேல தாங்காதுடி. செத்துடும்."

பேர் வந்த கதை இதுதான். வார்டன் கத்தினால்கூட, "மேடம், அஞ்சு வோல்ட்டுக்குள்ள பேசுங்க" என்பாள். வார்டனுக்குப் புரியாது. புரியாததால் இன்னும் பத்து வோல்ட் ஜாஸ்தியாகக் கத்துவார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் பார்த்தால், அக்கா தலைக்குக் குளித்துவிட்டு ஈரத் தலையோடு மூஞ்சியைத் தொங்கப்போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். பதறிப்போய், "யாருக்குக்கா என்ன ஆச்சு?" என்றேன்.

"புள்ளை போயிடுச்சுடி. பன்னெண்டு வோல்ட் பேட்டரியை நேரா குடுத்துட்டேன்."

சில்லு செத்ததற்குத் தலைமுழுகியவளை அதற்கு முன்னும் நான் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. அடுத்த புள்ளை வந்ததும் புத்தி வந்தது. கரண்டை மட்டுப்படுத்தும் ரெண்டு ரெசிஸ்டரை வரிசையாக நிறுத்தி, பேட்டரி வோல்ட்டில் மூன்றில் ஒரு பங்கை மட்டும் புள்ளைக்குக் காட்டினாள். அதை வைத்து மொத்தம் எவ்வளவு என்று புள்ளையே கணக்குப் போட்டுக்கொள்ளுமாம்.

"நம்ம மெஸ் சாம்பாரு மாதிரியாக்கா? ஒரு பங்கு சாம்பாரு, ரெண்டு பங்கு தண்ணி?"

"அதேதான்டி! ஒனக்கு எலக்ட்ரானிக்ஸ் வருதே!"

செருப்புச் சண்டை தனி. ஹாலில் சாமி படம் இருப்பதால் உள்ளே செருப்பு கூடாது என்பது வார்டன் சட்டம். வெறுங்காலோடு யாரும் சுவிட்சைத் தொடக் கூடாது என்பது அக்கா சட்டம். "சாமி மன்னிக்கும் மேடம், கரண்டு மன்னிக்காது" என்று அக்கா ஒரே போடாகப் போட்டாள். கடைசியில் வீட்டுக்குள் போட மட்டும் தனி ரப்பர் செருப்பு என்று சமாதானம் ஆனது. ஹாஸ்டல் முழுக்க எந்நேரமும் சளக் சளக்.

ஒருநாள் எரிச்சல் தாங்காமல், "இன்னாத்துக்குக்கா உனக்கு இவ்ளோ பயம்?" என்று கேட்டேவிட்டேன்.

"எங்கப்பாவை நீ பாத்ததில்ல" என்றாள்.

அப்பாவுக்குப் பக்கத்து ஊரான அடி அண்ணாமலையில் கொஞ்சம் நிலம், கிணறு, மோட்டார். மூணு ஃபேஸ் கரண்டு முறை வைத்துத்தான் வரும். ஒரு ஃபேஸ் வராமல் மோட்டாரைப் போட்டால் உள்ளே சுற்றியிருக்கும் காயில் எரிந்துவிடும். மூன்றும் வந்துவிட்டதா என்று பார்க்க அப்பாவிடம் ஒரு வழி இருந்தது. ஈரத் தரையில் வெறுங்காலோடு நின்று, புறங்கையால் ஒவ்வொரு கம்பியையும் சுண்டிப் பார்ப்பார். சுருக்கென்றால் வந்துவிட்டது. டெஸ்டர் வாங்கிக் கொடுத்தால், "என் கையை விடவா?" என்பாராம். அக்கா ஒரு புள்ளையைச் சாகடித்து, இன்னொன்றைப் பழக்கியது இந்த ஒரு கைக்காகத்தான்.

லீவு நாளில் நானும் அவளோடு போனேன். பிளாஸ்டிக் டிபன் பாக்ஸுக்குள் புள்ளை. வெளியே மூணு ஃபேஸுக்கு மூணு சிவப்பு விளக்கு, பேட்டரிக்கு ஒரு பச்சை. மெயினை இறக்கிவிட்டு மாட்டினாள்.

"இன்னாம்மா இது, சீரியல் செட்டா?" என்றார் அப்பா. "அவ்ளோ பெரிய கரண்டு இந்தப் பொட்டிக்குள்ள போனா வெடிச்சுடாது?"

"உள்ளயே போவாதுப்பா. இந்தப் பக்கம் கரண்டு வந்தா குட்டியா ஒரு விளக்கு எரியும். அந்தப் பக்கம் ஒரு கண்ணு அதைப் பாக்கும். நடுவுல கம்பியே கெடையாது. வெளிச்சம் மட்டுந்தான் தாண்டும்."

மெயினை ஏற்றிவிட்டுக் காத்திருந்தோம். கரண்டு வந்தது. ரெண்டு சிவப்பு எரிந்தது. மூன்றாவது எரியவில்லை.

"பொட்டி பொய் சொல்லுது. இரு, நான் பாத்துச் சொல்றேன்" என்று அப்பா புறங்கையைத் தூக்கிக்கொண்டு ஸ்டார்ட்டர் பக்கம் போனார்.

அக்கா கத்துவாள் என்று நினைத்தேன். கத்தவில்லை. காலில் இருந்த செருப்பை உதறினாள். சேற்றில் இறங்கி அப்பாவின் இன்னொரு கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள்.

"தொடுங்க."

"கையை விடும்மா."

"தொடுங்கப்பா. வந்தா ரெண்டு பேருக்கும் வரட்டும்."

கையை உதறிப் பார்த்தார். அவள் விடவில்லை.

"பைத்தியமாடி உனக்கு? மொதல்ல செருப்பைப் போடுடி!" என்று அப்பா அலறினார். தூக்கிய கை கீழே வந்தது.

அதே நேரம் பக்கத்து நிலத்திலிருந்து ஒரு குரல்: "யோவ், ஒரு ஃபேஸ் வரலைய்யா! மோட்டாரைப் போட்டுடாத!"

அப்பா பெட்டியைப் பார்த்தார். அக்காவின் காலைப் பார்த்தார். குனிந்து, சேற்றில் கிடந்த செருப்பை எடுத்து அவரே அவள் காலடியில் வைத்தார். அதற்கப்புறம் கரண்டு வந்துவிட்டதா என்று யார் வந்து கேட்டாலும், "இரு, எம்பொண்ணு பொட்டி இன்னா சொல்லுதுனு பாக்கறேன்" என்பாராம்.

அக்கா இப்போது வெளியூரில் இருக்கிறாள். மழை பெய்தால் போன் வரும். சாப்பிட்டியா, தூங்கினியா என்பதெல்லாம் கிடையாது. "செருப்பு போட்டிருக்கியாடி?" என்பாள்.

"போட்டிருக்கேன்கா" என்று பொய் சொல்வேன். சொல்லிக்கொண்டே கட்டிலுக்கடியில் காலால் துழாவிப் போட்டுக்கொள்வேன். என்னைப் பெற்றவர்கள்கூட என் காலுக்காக இவ்வளவு பயந்ததில்லை.