தபால் துரையின் முப்பத்தைந்து மைல்

பாலைவனத்தைச் சைக்கிளில் தாண்டியவர்கள் இருக்கிறார்கள். சைக்கிளைத் தோளில் போட்டுக்கொண்டு பனிமலையைக் கடந்தவர்களும் இருக்கிறார்கள். இரண்டையும் செய்து முடித்துவிட்டு, தேனியிலிருந்து மலையடிவாரத்து லோயர் கேம்ப் வரைக்குமான முப்பத்தைந்து மைலைக் கடக்கப் பதினோரு நாள் எடுத்துக்கொண்டவர் உலகத்தில் ஒரே ஒருவர்தான். அவருடைய பெயர் எனக்குத் தெரியும். அதைச் சொல்ல நாக்கை மடித்து, தொண்டையில் கொஞ்சம் ஜலதோஷமும் வைத்திருக்க வேண்டும் என்பதால் எங்கள் பக்கத்தில் யாரும் அந்த முயற்சியில் இறங்கவில்லை. தபால் துரை என்றே எல்லோரும் கூப்பிட்டார்கள்.

யுத்தத்துக்கு முந்திய கதை இது. அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது. தேனியில் ஒரு பள்ளிக்கூடத்தில் தற்காலிக ஆசிரியர். கோடை விடுமுறை விட்டால் பள்ளிக்கூடத்தோடு என் வயிறும் காலியாகிவிடும். அப்படி ஒரு பகலில், அறை வாசலில் ஒரு வெள்ளைக்காரர் வந்து நின்றார். ஆறடி உயரம். வெயிலில் கழுத்து செங்கல் நிறத்துக்கு வந்திருந்தது. மட்கார்டு இல்லாத சைக்கிள். தோளில் பித்தளைக் கொக்கி போட்ட பெரிய தோல் பை. பையைத் திறந்து ஒரு கடிதத்தை எடுத்தார். என் பெயரை எழுத்துக் கூட்டிப் படித்தார். நான்தான் அது என்று மூன்று தரம் கேட்டு உறுதி செய்துகொண்டபின் என் கையில் வைத்தார்.

என்னோடு படித்து, தேவதானப்பட்டி மிஷன் பள்ளியில் வாத்தியாராக இருந்த நண்பர் எழுதியிருந்தார்: "இதைக் கொண்டுவருகிறவர் நல்ல மனிதர். சோறு போட்டு, மேற்கே போக வழிகாட்டவும்."

எனக்கே யாராவது சோறு போட்டால் தேவலை என்றிருந்த நேரம் அது.

அவருக்கும் ஆங்கிலம் அரைகுறை, எனக்கும் அரைகுறை. ஆகவே எங்களுக்குள் பூரணமாகப் புரிந்தது. டென்மார்க்கில் ஒரு சின்ன ஊரில் அவர் தபால்காரர். ஒரு வருஷ லீவில் உலகம் பார்க்கக் கிளம்பியிருக்கிறார். அவருக்கு இரண்டு விரதம். தன் சைக்கிளைத் தவிர சக்கரம் வைத்த எதிலும் தரைமேல் ஏறமாட்டார். யார் கடிதம் கொடுத்தாலும் மறுக்கமாட்டார். விலாசதாரரின் கையில்தான் கொடுப்பார்.

இரண்டாவது விரதம்தான் அவரைப் பாதி உலகம் தாண்டிக் கொண்டுவந்து சேர்த்திருந்தது. துருக்கியில் ஒரு வீட்டில் தங்குவார். அந்த வீட்டுக்காரர் அடுத்த ஊர் மைத்துனனுக்கு ஒரு கடிதம் கொடுப்பார். மைத்துனன் வாங்கிப் படித்துவிட்டுச் சாப்பாடு போட்டு, தன் சிற்றப்பாவுக்கு ஒன்று கொடுப்பான். இப்படியே பாரசீகம், பலுசிஸ்தானம். சத்திரம் தேடியதே இல்லை. அங்கெல்லாம் மைத்துனனுக்கும் சிற்றப்பாவுக்கும் நடுவில் ஐம்பது மைல் மணல் கிடந்தது. அதனால் பயணம் நடந்தது.

கம்பம் பள்ளத்தாக்கில் மைத்துனன் வீட்டுக்கும் சிற்றப்பா வீட்டுக்கும் நடுவில் ஒரு வேப்பமரம் இருந்தால் அதிகம். இதை அவருக்கு யாரும் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டியவன் நான். வாடகைக்கு ஒரு சைக்கிளை எடுத்துக்கொண்டு, மொழிபெயர்ப்பாளனாகக் கூடவே கிளம்பிவிட்டேன்.

வீரபாண்டியில் ஒரு கடிதம் கொடுத்தோம், நாலு வாங்கினோம். சின்னமனூரில் என் பெரியப்பா வீட்டுக்குப் போனபோது பையில் ஒன்பது இருந்தது. பெரியப்பா துரையை மேலும் கீழும் பார்த்தார்.

"ஏலே, இவுகள எங்கன புடிச்ச?"

"அவராத்தான் வந்தாரு பெரியப்பா. தபால்காரரு. கொச்சிக்குப் போகணும்."

"இவுக ஊர்ல நெல்லு உண்டா?"

கேட்டுச் சொன்னேன். நெல் விளையாது.

"நெல்லே வெளையாதா? அப்ப என்னத்தைத் திங்காக?"

"ரொட்டி. உருளைக்கிழங்கு."

"அதான் இப்பிடி வெளுத்துப் போயிட்டாக" என்று சொல்லிவிட்டுப் பெரியப்பா கோழி பிடிக்க எழுந்து போனார்.

நெல் விளையாத தேசத்து மனிதர் வந்திருக்கிறார் என்ற செய்தி எங்களுக்கு முன்னால் ஊர் ஊராகப் போனது. பிறகு அவரைப் பட்டினியோடு அனுப்புவது அந்தந்தத் தெருவுக்கு மானப் பிரச்சினை ஆகிவிட்டது. பெரியப்பா வீட்டில் கை நனைத்தவர் பெரியப்பாவின் பங்காளி வீட்டில் நனைக்காமல் போனால் இரண்டு தலைமுறைக்குப் பேச்சு நிற்கும். ஆகவே அங்கும் நனைத்தார். காரத்தில் கண்ணீர் விட்டபடி மறுசோறு வாங்கினார். கண்ணீரைப் பார்த்து, "ஊர் நெனப்பு வந்திருச்சு போல" என்று இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றினார்கள். மொழிபெயர்ப்பாளனுக்கும் பக்கத்தில் ஒரு இலை உண்டு. அந்த இலையைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

கையில்தான் கொடுப்பேன் என்பதில் அவர் ஒரு அங்குலம் விட்டுக்கொடுத்ததில்லை. சின்னமனூரில் ஒரு கடிதத்துக்குரியவர் கிணற்றுக்குள் தூர் வாரிக்கொண்டிருந்தார். "இங்கன குடுங்க, ஏறி வந்தா குடுக்கிறேன்" என்றாள் அவருடைய மனைவி. துரை தலையை ஆட்டிவிட்டுக் கயிற்றைப் பிடித்துப் பையோடு உள்ளே இறங்கினார். உள்ளே இருந்தவர் சேற்றுக் கையை நீட்ட, கழுவச் சொல்லிச் சைகை காட்டிக் காத்து நின்றார். பிறகு கொடுத்தார். கிணற்று மேட்டில் நின்று அந்தக் கடிதத்தை நான் உரக்கப் படித்தேன்: "துரைக்குச் சோறு போடவும். மற்றபடி இங்கு யாவரும் சுகம்." எல்லாக் கடிதத்திலும் அதுதான் இருந்தது.

நாலாம் நாளிலிருந்தே அவர் கப்பலைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். நாங்கள் தேனியை விட்டதிலிருந்து பதினாலாம் நாள் காலையில் கொச்சியில் கப்பல். அதை விட்டால் லீவு முடிவதற்குள் ஊர் போய்ச் சேர முடியாது. வேலை இன்னொருவருக்குப் போய்விடும். கல்யாணம், காட்சி எதுவும் இல்லாத மனிதர். அந்தப் பையும் அந்த வேலையும்தான் அவருக்கு எல்லாம். தினமும் காலையில் டிக்கெட்டை வெளியே எடுப்பார். "இன்றைக்கே போயாக வேண்டும், இவர்களிடம் சொல்லுங்கள்" என்பார்.

நான் சொல்வேன். எப்படிச் சொல்வேன் என்பதில்தான் விஷயம். "சாப்பிட்டுட்டுக் கெளம்பலாம்னு நெனைக்கிறாரு" என்பேன். கப்பல் என்ற சொல் என் வாயிலிருந்து வராது. வீட்டுக்காரர்கள் சந்தோஷமாக அடுப்பைப் பற்றவைப்பார்கள். முழு மாதமும் மெஸ்ஸில் தண்ணீர்ச் சாம்பார் குடித்தவன், ஒரு நாளைக்கு மூன்று இலை என்ற வாழ்க்கையைக் கப்பலுக்காக விட்டுக்கொடுப்பானா?

ஏழாம் நாள் உத்தமபாளையம் போய்ச் சேர்ந்தோம். எட்டாம் நாள், கடைத்தெருவில் வெங்காயம் விற்கும் பேச்சியம்மாள் எங்களைத் தேடி வந்தாள். கையில் வெறும் காகிதம்.

"தம்பி, ஒரு காயிதம் எழுதணும். எம் மகளுக்கு. ஆண்டிபட்டியில தறிக்காரக வீட்ல குடுத்திருக்கேன். பிள்ளைப் பேறு ஆகி இந்நேரம் மாசம் ரெண்டு இருக்கணும். ஒரு சேதியும் இல்லை."

"தபால்ல போடலாமே ஆத்தா."

"மூணு போட்டாச்சு. மாமியாக்காரி வாங்கி அரிசிப் பானைக்குள்ள வச்சுக்கிடுறா. நான் போனா வாசலோட திருப்பி அனுப்புறா. தொரை அந்தந்த ஆளு கையிலதான் குடுப்பாகன்னு பஸ்ஸுக்காரன் சொன்னான்."

ஆண்டிபட்டி என்பது நாங்கள் வந்த வழியில் திரும்பி, தேனியையும் தாண்டிக் கிழக்கே. போக முப்பது மைல், வர முப்பது மைல். பையில் கம்பத்துக்கும் கூடலூருக்கும் பதினேழு கடிதம் பாக்கி. அவற்றுக்குரிய சாப்பாடும் பாக்கி. கொச்சிக்கு மூன்று நாள் சவாரி. அன்றைக்குத்தான் முதல்முறையாகச் சுத்தமாக மொழிபெயர்த்தேன். மாமியாரையும் அரிசிப் பானையையும் சொன்னேன். "போகாதீர்கள், கப்பல் போய்விடும்" என்று சொந்தமாகவும் ஒரு வாக்கியம் சேர்த்தேன்.

அவர் டிக்கெட்டை எடுத்துப் பார்த்தார். மடித்து உள்ளே வைத்தார். "மூன்று கடிதம் சேரவில்லையா?" என்று மட்டும் கேட்டார். தபால் இலாகாவின் மானம் அத்தனையும் அவர் தலையில் இறங்கியது போல இருந்தது அந்த முகம்.

மறுநாள் விடியலில் தனியாகக் கிளம்பிவிட்டார். என் சைக்கிளில் காற்று இல்லை என்று அவரிடம் சொல்லியிருந்தேன். காற்று இருந்தது.

பத்தாம் நாள் நடுப்பகலில், புழுதி அப்பிய முகத்தோடு வெங்காயக் கடை முன்னால் வந்து இறங்கினார். பேச்சியம்மாள் எழுந்து நின்றாள். அவருக்குத் தமிழ் தெரியாது, நடித்துக் காட்டினார். தறி நெய்தார். பிறகு மாமியாராகி இடுப்பில் கைவைத்து மறு கையை நீட்டினார். உடனே துரையாக மாறிக் கடிதத்தை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தார். சூரியன் போய் மறுபடி வந்ததை விரலால் காட்டினார். கடைசியில் ஒரு பெண் உள்ளிருந்து வந்து கையை நீட்டினாள், வாங்கினாள், படித்தாள், அழுதாள், சிரித்தாள். பிறகு அவர் இரண்டு கையையும் சேர்த்துத் தொட்டில் ஆட்டினார். ஆட்டிவிட்டு, இல்லாத மீசையை முறுக்கிக் காட்டினார்.

பேச்சியம்மாள் வெங்காயச் சாக்கின்மேல் உட்கார்ந்துவிட்டாள். "பேரனாம்ல" என்றாள், யாரிடமோ சொல்வது போல.

துரை டிக்கெட்டை எடுத்து நாளை எண்ணினார். அவள் அதைப் பார்த்தாள்.

"அது என்ன தம்பி சீட்டு?"

சொன்னேன். கப்பல், நாள், வேலை எல்லாவற்றையும்.

"இத்தனை நாளும் நீ ஏன் இதைச் சொல்லலை?"

அவள் பார்வை என் முகத்தில் தொடங்கி மெதுவாக வயிற்றுக்கு இறங்கியது. பத்து நாளில் அது கொஞ்சம் முன்னால் வந்திருந்தது. பையில் யார் யாருக்குக் கடிதம் பாக்கி என்று கேட்டுக்கொண்டு பஸ் நிற்கும் இடத்துக்கு நடந்தாள். மேற்கே போகும் பஸ்ஸின் டிரைவரிடம் என்ன சொன்னாளோ, அவர் அன்று ஊருக்கு ஊர் நிறுத்திப் பத்து நிமிஷம் பேசிவிட்டுப் போனாராம்.

பதினோராம் நாள் காலையில் கிளம்பினோம். கம்பத்துக்குள் நுழையும்போது சாலையோரத்தில் ஒருவர் கையை நீட்டிக்கொண்டு நின்றார். "எம் பேருக்கு ஒரு காயிதம் இருக்காம். நிறுத்தாதீக, நிறுத்தாதீக, ஓடிக்கிட்டே குடுங்க" என்றார். பக்கத்தில் என் சைக்கிளில் வந்தபடி நான் பெயரைக் கேட்டுச் சொல்ல, துரை மிதித்தபடியே கடிதத்தைக் கையில் வைத்தார். அந்த ஆள் ஓடிக்கொண்டே ஒரு கட்டுச்சோற்றுப் பொட்டலத்தைப் பைக்குள் போட்டார்.

அதற்குப் பிறகு வழி நெடுக ஆட்கள். வயலில் இருக்க வேண்டியவர்கள், கடையில் இருக்க வேண்டியவர்கள் எல்லோரும் சாலைக்கு வந்து கையை நீட்டிக்கொண்டு நின்றார்கள். ஒருவர் பாதி முகத்தில் சோப்பு நுரையோடு நின்றார். நாவிதரும் கத்தியோடு கூடவே நின்றார். கால் ஒடிந்து படுத்திருந்த ஒருவரைக் கூடலூரில் கட்டிலோடு தூக்கிக்கொண்டுவந்து வைத்திருந்தார்கள். பழக்க தோஷத்தில் ஒருவர் புதிதாக ஒரு கடிதத்தை நீட்ட, "நீரு சும்மா இரும், அவுகளுக்குக் கப்பலு" என்று மனைவி அவர் கையைக் கீழே இழுத்தாள். ஒரு இடத்தில்கூடத் துரை காலை ஊன்றவில்லை. கடிதம் குறையக் குறையப் பை கனத்தது.

லோயர் கேம்பில் இறங்கினோம். எனக்கு மூச்சு வாங்கியது. அதற்கு மேல் மலைச்சாலை, குமுளி, திருவிதாங்கூர். அவர் பையைத் துழாவினார். புளிச்சோறும் முறுக்கும் வாழைப்பழமும் வந்தன. கடிதம் ஒன்றுகூட இல்லை. அந்த மனிதர் முகத்தில் முதல்முறையாக ஒரு தடுமாற்றத்தைப் பார்த்தேன். வீடு விட்டுக் கிளம்பியதிலிருந்து வெறும் பையோடு அவர் சைக்கிளில் ஏறியதில்லை.

முதல் நாள் ராத்திரியே எழுதி ஒட்டி வைத்திருந்த உறையைச் சட்டைப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். விலாசத்தை எழுத்துக் கூட்டிப் படித்தார். அவருடைய பெயர். டென்மார்க்கில் அவருடைய ஊர், அவருடைய தெரு. என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"கையில் கொடுக்க வேண்டும். அந்த வீட்டு வாசலில்" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. தலையை ஆட்டி, உறையைப் பைக்குள் தனியாக வைத்து, பித்தளைக் கொக்கியை மாட்டிக்கொண்டார். மூன்றாவது வளைவு வரைக்கும் மேலே தெரிந்தார்.

ஒரு வாரம் கழித்துப் பேச்சியம்மாளுக்கு ஒரு தபால் கார்டு வந்தது. கொச்சி முத்திரை. எழுத்து ஒன்றும் இல்லை. பென்சிலால் ஒரு கப்பல், கப்பலுக்குள் ஒரு சைக்கிள். எழுதப் படிக்கத் தெரியாத அவள் யார் உதவியும் இல்லாமல் அதைப் படித்துவிட்டு, என்னிடமும் காட்டினாள்.

எனக்கு எதுவும் வரவில்லை. வர நியாயமும் இல்லை. அந்த உறைக்குள் நான் எழுதியிருந்தது ஒரு மன்னிப்புக் கடிதம். தினமும் கப்பல் என்ற சொல்லை விழுங்கி அவரை நிறுத்தி வைத்தது நான்தான் என்றும், சாப்பாட்டுக்காக அப்படிச் செய்தேன் என்றும் எழுதியிருந்தேன். சாப்பாட்டுக்காகத்தான் என்றுதான், பக்கத்து இலையில் அவர் இல்லாமல் சாப்பிட உட்காரும் வரைக்கும், நானும் நினைத்துக்கொண்டிருந்தேன்.