தீநிரல் பரவிய அலுவலகம்

மனிதகுலத்தின் முன்னேற்றத்துக்கு நெருப்பும் சக்கரமும் ஆற்றிய தொண்டைக் குறைத்துச் சொல்வதற்கில்லை. ஆனால் அவ்விரண்டையும் தூக்கிச் சாப்பிட்டுவிட்டது 'கம்ப்யூட்டர் ஆஃப் ஆயிடுச்சுங்க' என்ற மகாவாக்கியம். அதன் முழு மகிமையையும் உலகுக்குக் காட்டிய பெருமை ஒரு தேர்வுத் துறை அலுவலகத்தைச் சேரும். அங்கே தலைமை எழுத்தராக இருந்த பெண்மணிக்கு மட்டும் அந்த மகிமை கடைசிவரை விளங்கவில்லை. அலுவலகத்தில் மூத்தவர் என்பதால் அதிகாரி உட்பட எல்லோருக்கும் அவர் 'பெரியக்கா'.

தொடக்கம் உன்னதமாகத்தான் இருந்தது. ஒரு திங்கட்கிழமை காலை அதிகாரிக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது: 'இவ்வாண்டின் ஒப்பற்ற நிர்வாகி நீங்களே! சான்றிதழைப் பெற இங்கே அழுத்தவும்.' அனுப்பியவர் யாரென்று தெரியவில்லை. தகுதியைத் தேடி விருது வரும்போது முகவரியா விசாரிப்பார்கள்? அழுத்தினார். சான்றிதழ் வரவில்லை. மரியாதைக் குறைவாக அழுத்திவிட்டோமோ என்று இன்னும் நான்கு முறை அழுத்தினார். திரை கறுத்தது. மதியத்துக்குள் அங்கிருந்த பதினான்கு கணினிகளும் ஒன்பது நிமிடத்துக்கு ஒருமுறை தாமே அணைந்தன, தாமே எழுந்தன, மறுபடி அணைந்தன.

அதிகாரி போர்க்கால வேகத்தில் செயல்பட்டார், சுற்றறிக்கை விட்டார். 'தீநிரல் அலுவலகத்தில் பரவியுள்ளது. அனைவரும் விழிப்புடன் இருக்கவும்.' ஒன்பது நிமிடத்துக்குள் அங்கே முடிந்த ஒரே வேலை அதுதான். எந்தச் சுற்றறிக்கையிலும் முதல் எழுத்துக்கு மேல் படித்துப் பழக்கமில்லாத காவலாளி, மணல் வாளியோடு ஓடிவந்தார்.

"எங்கக்கா எரியுது?"

"எதுவும் எரியலப்பா. இது கெட்ட புரோகிராம். கம்ப்யூட்டரை அதுவா அணைச்சிடும்."

"அணைக்கத்தானே நானும் வந்தேன்! எனக்கு முன்னாடியே ஆள் போட்டாச்சா?" என்று மனத்தாங்கலோடு வாளியைத் தூக்கிக்கொண்டு திரும்பினார்.

பழுது பார்ப்பவரை அழைக்க வேண்டுமானால் கூட்டம் போட்டுத் தீர்மானம் நிறைவேற்ற வேண்டும். கூட்டம் போட்டார்கள். தீர்மானம் நிறைவேறியது, தட்டச்சும் ஆனது. சேமிப்பதற்குள் திரை அணைந்தது. பதிவாகாத கூட்டம் நடக்காத கூட்டம் என்பது விதி. ஆகவே அதே கூட்டம் செவ்வாயன்றும் 'முதன்முறையாக' நடந்தது; புதனன்றும் 'முதன்முறையாக' நடந்தது. ஊழியர்களுக்கோ பழம் நழுவிப் பாலில் விழுந்த கதை. வாசலில் நீண்ட வரிசைக்கு மகாவாக்கியத்தைச் சொல்ல மட்டும் முறை வைத்து ஆள் அனுப்பினார்கள்.

புதன் மதியம் ஒரு தையல்காரர் தன் மகளைக் கைப்பிடித்து அழைத்துவந்தார். பெண்ணுக்குப் பதினேழு வயது. பார்வை மங்கிக்கொண்டே வந்து, இப்போது நிழல்தான் தெரிகிறது. மறுநாள் காலை இறுதித் தேர்வு. அவள் சொல்வதை எழுத ஓர் ஆளை அனுமதிக்கும் கடிதம் வேண்டும்.

"பாடம் பூரா மனசுல இருக்கும்மா," என்றாள் அந்தப் பெண். "எழுத ஒரு கைதான் இல்ல."

பெரியக்கா கணினிமுன் உட்கார்ந்தார். படிவத்தில் நாற்பத்திரண்டு கட்டங்கள். கடைசிக் கட்டம் நிரம்பினால்தான் சேமிக்கும். எத்தனை வேகமாகத் தட்டினாலும் முப்பத்தொன்றாவது கட்டத்தில் திரை கண்ணை மூடியது. மூன்று முறை பார்த்தார். எழுந்து அதிகாரியிடம் போனார்.

"சார், கையால எழுதிக் குடுத்துடறேன். கையெழுத்துப் போடற அதிகாரம் எனக்கே இருக்கு."

"கையாலயா? முழுக்கக் கணினிமயமான ஆபீஸ் பெரியக்கா இது! நாலு பேர் என்ன சொல்லுவாங்க?"

"நாளைக்குக் காலையில பரீட்சை சார்."

"அடுத்த வருஷமும்தான் பரீட்சை வரும். பரீட்சை எங்க ஓடிடப் போகுது?"

பெரியக்காவின் பணி ஓய்வுக்கு இன்னும் இரண்டு வருடம். தன் இடத்துக்குத் திரும்பினார். மேசை இழுப்பறையைத் திறந்து ஒரு வெள்ளைத் தாளை எடுத்தார். கையால் எழுதிப் பல வருடமானதில் முதல் வரி கோணியது. இரண்டாவது வரி நேராக வந்தது. கையெழுத்திட்டு, முத்திரையை ஓங்கிக் குத்தினார்.

தையல்காரர் தாளை வாங்கத் தயங்கினார். "இதால உங்களுக்கு ஏதாவது தொந்தரவு வருமாம்மா?"

"வரும். நீங்க கிளம்புங்க."

மறுநாள் தேர்வுக் கூடத்தில் முத்திரையைப் பார்த்து மறுபேச்சில்லாமல் உள்ளே விட்டார்கள். பெண் மூன்று மணி நேரம் சொல்லச் சொல்ல, பக்கத்தில் இருந்தவருக்குத்தான் கை வலித்தது.

வெள்ளிக்கிழமை கூட்டம் ஒருவழியாகப் பதிவாகி, பழுது பார்ப்பவர் வந்தார். அரை மணி நேரத்தில் எல்லாம் சரியாயிற்று.

"உங்க மிஷின்லதான் சார் முதல்ல வந்திருக்கு. அஞ்சு தடவை அழுத்தியிருக்கீங்க."

"அது... நமக்குள்ள இருக்கட்டும் தம்பி," என்றார் அதிகாரி.

விசாரணைக் குழு இரண்டு வாரம் ஆராய்ந்து, தீநிரல் பரவியதற்கு 'அறையின் ஈரப்பதமே' காரணம் என்று முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தது. ஈரப்பதத்தைத் தண்டிக்க விதியில் இடமில்லை. எனவே பெரியக்காவுக்குக் குறிப்பாணை போயிற்று: 'அலுவலகம் இயங்காதிருந்த நாளில் தாங்கள் வேலை செய்தது ஏன் என்பதை மூன்று தினங்களுக்குள் விளக்கவும்.'

பெரியக்கா இரண்டே வரியில் பதில் எழுதினார். 'வேலை செய்தது உண்மை. இனிமேல் செய்ய மாட்டேன் என்று உறுதி கூற இயலவில்லை.'

ஒப்பற்ற நிர்வாகி பதவி உயர்வு பெற்றுத் தலைமையகம் போனார். பெரியக்காவைப் பதிவறைக்கு மாற்றினார்கள். அங்கே பொழுது போகாமல் அவர் பழைய கோப்புகளை ஒவ்வொன்றாகத் தூசி தட்டிப் படித்தார். கூட்டங்கள் இருந்தன, தீர்மானங்கள் இருந்தன, பாராட்டுரைகள் கட்டுக் கட்டாக இருந்தன. அந்த அலுவலகத்தின் முப்பத்தெட்டு ஆண்டு வரலாற்றில் ஒருவர் வேலை செய்ததற்கு எழுத்துபூர்வமான ஆதாரம் ஒரே ஒரு தாளில்தான் இருந்தது. அவருடைய அந்த இரண்டு வரிப் பதிலைக் குற்றப் பதிவேட்டில் வைத்திருந்தார்கள்.