டவல் போட்ட பல் நாற்காலி

துவாக்குடிக்கு உள்ளே, பஸ்ஸுக்கு மனசு வந்தால் மட்டும் வரும் ஊர் எங்களுடையது. அதன் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு, கிராம மக்களின் பல் நலன் கருதி, அரசு ஒரு பல் சிகிச்சை நாற்காலியை வழங்கியது. சாயும், நிமிரும், ஏறும், இறங்கும். வியாழக்கிழமைதோறும் பல் டாக்டரும் உண்டு. இதுக்கு மேல என்னய்யா வேணும்?

வினை, அலுவலக உதவியாளர் தமிழ்மணியின் பணிவில் வந்தது. கட்டடத்திலேயே ஒசத்தியான நாற்காலி அதிகாரிக்குத்தான் என்பது அவர் கொள்கை. பெட்டியைப் பிரித்ததும் அதன் முதுகில் வெள்ளை டர்க்கி டவலைப் போட்டார். மேற்பார்வை அலுவலர் பிலோமின்ராஜ் வந்து சாய்ந்தார். அன்றிலிருந்து மனு வாங்குவதும் மல்லாந்தபடியே.

எங்கள் ஊர் இருளாயிக்குக் கடைவாய்ப் பல் சொத்தை. கன்னம் பன் மாதிரி வீங்கி, கஞ்சிகூட இறங்கவில்லை. திருச்சி தில்லை நகரில் தனியார் டாக்டரிடம் காட்டலாம்தான், அதற்கு வீட்டில் இருக்கும் ஒரே ஆட்டை விற்க வேண்டும். அதனால் இங்கே வந்தார்.

பல் டாக்டர் ரஞ்சனி அலுவலரிடம் போய்க் கேட்டார். "சார், இவங்களுக்குப் பல்லு எடுக்கணும். சேர் வேணும்."

"டவல் போட்ட சேர்ல பொதுமக்கள் எப்படிம்மா உட்காருவாங்க?"

"அது பல்லு பிடுங்குற சேர் சார்!"

"அதான் சொல்றேன். ரத்தம் பட்டா டவல் என்னத்துக்கு ஆகும்?"

"டவலை எடுத்துடலாமே சார்?"

தமிழ்மணி காதைப் பொத்திக்கொண்டார். போட்ட டவலை எடுப்பதாவது! அதிகாரி ஓய்வு பெற்றாலொழிய அப்படியொரு அபசாரம் எந்த அலுவலகத்திலும் நடந்ததில்லை.

டாக்டர் வலி மாத்திரை கொடுத்தார். தமிழ்மணி கனிவாகச் சொன்னார்: "வர்ற வியாழக்கிழமை வாங்க."

வந்தார். மாத்திரை, வியாழக்கிழமை. மறுபடி வந்தார். மறுபடி அதே. பாழாய்ப்போன பல்லுக்கு மட்டும் அலுவலக நடைமுறை புரியவில்லை, வலித்துக்கொண்டே இருந்தது.

ஒரு வியாழன், கிராமப்புறப் பல் நலம் பற்றித் திருச்சியில் கூட்டம். அலுவலர் போனார், பேச்சு எழுதித் தர டாக்டரையும் கூட்டிப் போனார். நாற்காலி காலி. இருளாயிக்கு வலி உச்சிக்கு ஏறியது. "நாசமாப் போக!" என்று உள்ளே போய் ஏறிப் படுத்தார். டவலை உருவிக் கன்னத்தில் ஒற்றிக்கொண்டார்.

தடுக்க ஓடிவந்த தமிழ்மணி, நாற்காலியையும் டவலையும் சேர்ந்தாற்போல் பார்த்ததும் நின்றுவிட்டார். கை தானாகக் கட்டிக்கொண்டது. "டீயா, காபியா மேடம்?"

வாசல் பெஞ்சில் இருந்த கூட்டம் எழுந்தது. அதுவரை "அக்கா, வலி எப்படி இருக்கு?" என்று கேட்டுக்கொண்டிருந்த பக்கத்து வீட்டு இளவரசன் செருப்பைக் கழற்றிவிட்டு, வீங்கிய கன்னத்தோடு கும்பிட்டபடி உள்ளே வந்தார்.

"மேடம், ராத்திரியெல்லாம் தூக்கம் இல்லீங்க. பல்லு உசிரை வாங்குது. நீங்கதான் பார்த்து ஏதாச்சும் செய்யணும்."

இருளாயி அவரைப் பார்த்தார். கும்பிட்டு நிற்கும் ஊரைப் பார்த்தார். பொத்தானை அமுக்கினார். நாற்காலி மெல்ல, சுகமாகச் சாய்ந்தது.

"வர்ற வியாழக்கிழமை வாங்க" என்றார்.

அதைச் சொன்னதும் பல்வலி கொஞ்சம் குறைந்த மாதிரி இருந்ததாம்.